வாஷ்டியின் மேடையும் லூசியின் பூட்டும்

விக்டோரியா காலத்துப் பெண் நாவலாசிரியர்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு குற்றச்சாட்டும் கூடவே வருகிறது. தாங்கள் எழுதிப் புகழ் பெற்றுவிட்டு, தங்கள் நாவல்களில் புகழுக்கு ஆசைப்படும் பெண்களை மட்டும் ஒழுக்கத்தின் பெயரால் தண்டித்துவிட்டார்கள் என்பது அது. கதைச் சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதை மறுப்பது கடினம். ஆனால் ஷார்லட் பிராண்டேயின் ‘வில்லெட்’ நாவலை அண்மையில் மூன்றாம் முறையாகப் படித்து முடித்தபோது, இப்படிச் சொல்பவர்கள் கதையின் முடிவைப் படிக்கிறார்களே தவிர வாக்கியங்களைப் படிப்பதில்லை என்ற எண்ணமே எனக்கு உறுதிப்பட்டது.

1853இல் வெளிவந்த அந்த நாவலின் நாயகி லூசி ஸ்நோ, பெண்கள் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியை. பள்ளி விழா நாடகத்தில் நடிக்க ஆள் குறைந்துபோக, பேராசிரியர் பால் அவளை எலியும் கரப்பானும் திரியும் பரணறையில் வைத்துப் பூட்டி வசனத்தை மனப்பாடம் செய்ய வைக்கிறார். அவளுக்குக் கிடைத்தது ஆண் வேடம். முழு ஆண் உடை அணிய மறுத்து, தன் உடைக்கு மேலேயே மேற்சட்டையும் கழுத்துப்பட்டியும் மாட்டிக்கொண்டு மேடையேறுகிறாள். நடுக்கத்தோடு தொடங்கியவள் போகப்போக நடிப்பில் தோய்ந்துவிடுகிறாள். தனக்குள் இப்படியொரு ருசி இருப்பதே அன்றுதான் அவளுக்குத் தெரிகிறது. பிறகு நன்கு யோசித்து அதை உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறாள். காலத்தாலும் சபலத்தாலும் அந்தப் பூட்டை இதுவரை திறக்க முடியவில்லை என்று அவளே சொல்கிறாள். இதை அடக்கத்துக்கு வழங்கிய நற்சான்றாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ, பூட்டின் உறுதியைப் பற்றி இவ்வளவு அக்கறையாகப் பேசுபவள், உள்ளே இருப்பது இன்னும் சாகவில்லை என்றுதான் சொல்கிறாள் என்று படுகிறது.

சில அத்தியாயங்கள் கழித்து டாக்டர் ஜானுடன் அவள் நாடக அரங்குக்குப் போகிறாள். அங்கே நடிப்பவள் வாஷ்டி என்ற புகழ்பெற்ற நடிகை. 1851இல் லண்டனில் பிராண்டே நேரில் பார்த்த பிரெஞ்சு நடிகை ராஷேல்தான் இந்தப் பாத்திரத்துக்கு மூலம். தான் கண்டது அற்புதக் காட்சி, மாபெரும் வெளிப்பாடு என்று சொன்ன கையோடு, அது கீழானது, கொடூரமானது, ஒழுக்கமற்றது என்றும் சொல்கிறாள் லூசி. இரண்டையும் சமாதானப்படுத்த அவள் முயலவே இல்லை. ஜானுக்கு அந்தச் சங்கடம் எதுவும் கிடையாது. அவன் கருத்தைக் கேட்டபோது, புன்னகையோடு நாலு வார்த்தையில் முடித்துவிடுகிறான். அவன் வாஷ்டியைப் பெண்ணாக வைத்து எடைபோட்டான், கலைஞராக வைத்து அல்ல, அது சூட்டுக்கோல் வைத்த தீர்ப்பு என்கிறாள் லூசி.

அந்தச் சூடு பிராண்டேக்குப் புதிதல்ல. தன் கவிதைகளை அரசவைக் கவிஞர் ராபர்ட் சதேக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்டபோது, இலக்கியம் ஒரு பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக முடியாது, ஆகவும் கூடாது என்று 1837இல் அவருக்குப் பதில் வந்தது. 1848 டிசம்பரில் குவார்டர்லி ரெவ்யூ இதழில் அவருடைய ‘ஜேன் அயர்’ நாவலுக்குப் பெயர் போடாமல் மதிப்புரை எழுதியவர், இதை எழுதியது ஒரு பெண்தான் என்றால், தக்க காரணத்தால் பிற பெண்களோடு பழகும் தகுதியை எப்போதோ இழந்துவிட்டவளாக இருக்க வேண்டும் என்று எழுதினார். அப்படி எழுதியவர் எலிசபெத் ரிக்பி என்ற பெண் என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கசக்கும். கரர் பெல் என்ற புனைபெயருக்குப் பின்னால் ஒதுங்கி நின்றும் தப்ப முடியவில்லை. தங்கை ஆன் அதே ஆண்டில் வெளியிட்ட ‘வைல்ட்ஃபெல் மாளிகையின் குத்தகைதாரர்’ நாவலில், கணவனைவிட்டு ஓடிவந்து ஓவியம் விற்றுப் பிழைக்கும் ஹெலன், தன் படங்களில் பொய்யான முதலெழுத்துகளைத்தான் இடுகிறாள். பெயர் வெளியே போனால் ஆபத்து என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஆண் பெயரில் எழுதிய நாவலாசிரியை ஜார்ஜ் எலியட்டின் கதை இன்னும் சிக்கலானது. மனைவியை விவாகரத்து செய்யச் சட்டத்தில் வழியில்லாத ஜார்ஜ் ஹென்றி லூயிஸுடன் 1854 முதல் அவர் சேர்ந்து வாழ்ந்தார். ‘ஆடம் பீட்’ நாவலை விக்டோரியா மகாராணியே விரும்பிப் படித்தார். ஆனால் எலியட் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் கூடுகைகளுக்கு வந்த பெரிய மனிதர்களில் பலர் மனைவியரை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். 1876இல் முடிந்த ‘டேனியல் டெராண்டா’வில் அவர் படைத்த அல்காரிசி, பாட்டுக்காக இரண்டு வயது மகனை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போன பாடகி. கதை அவளை விட்டுவைக்கவில்லை. குரல் தடுமாறும்போது பயந்துபோய்த் திருமணம் செய்துகொள்கிறாள். பிறகுதான் அது தற்காலிகக் கோளாறு என்று தெரிகிறது. நோயோடு இருக்கும் அவள், ஜெனோவாவின் ஒரு விடுதியறையில், இப்போது வளர்ந்து ஆளாகிவிட்ட மகனைச் சந்திக்கிறாள். அழுது மன்னிப்புக் கேட்கும் காட்சி என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். அவளோ, எல்லாப் பெண்களுக்கும் ஒரே மாதிரி மனம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவள் அரக்கி என்று உலகம் நினைக்கிறது, நான் அரக்கி அல்ல, மற்றப் பெண்கள் உணர்வதாகச் சொல்வதை நான் உணரவில்லை, அவ்வளவுதான் என்கிறாள். ஆணுக்குரிய மேதைமையின் வேகத்தை உள்ளே வைத்துக்கொண்டு பெண்ணாய்ப் பிறந்த அடிமைத்தனத்தையும் சுமப்பது எப்படி இருக்கும் என்பதை உன்னால் கற்பனைகூடச் செய்ய முடியாது என்று மகன் முகத்துக்கு நேரே சொல்கிறாள். சின்னக் குரலில் வரவேற்பறைகளில் பாடும் அடக்கமான மைராவுக்குத்தான் எலியட் நாயகனைக் கட்டிவைக்கிறார், வாஸ்தவம். ஆனால் மைரா பேசிய ஒரு வாக்கியமாவது உங்களுக்கு நினைவிருக்கிறதா?

‘மிடில்மார்ச்’ நாவலின் கடைசிப் பத்தியை எடுத்துக்காட்டி, பெயர் தெரியாமல் வாழ்வதே பெண்ணுக்கு அழகு என்று எலியட் போதித்ததாகச் சொல்வதும் எனக்கு ஒப்புதல் இல்லை. நாயகி டொரோத்தியாவின் ஆற்றல் பல வாய்க்கால்களாகப் பிரிந்து போயிற்று என்று எழுதும்போது அந்தப் பேனாவில் இருப்பது துக்கம்.

1880 டிசம்பரில் எலியட் இறந்தபோது, பெரும் எழுத்தாளர்களுக்கு இடம் தரும் லண்டன் தேவாலயமான வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்ய நண்பர்கள் முயன்றார்கள். கூடாது என்றவர்களில் ஒருவர் விஞ்ஞானி தாமஸ் ஹக்ஸ்லி; திருச்சபையோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டியவர், டாக்டர் ஜானைப் போலவே மருத்துவம் படித்தவர். எலியட்டின் எழுத்தை அவர் குறை சொல்லவில்லை. திருமண விஷயத்தில் கிறித்தவ நடைமுறைக்கு எதிராக வாழ்ந்தவர் கிறித்தவக் கோயிலில் இடம் கேட்க முடியாது என்பதே அவர் வாதம். எலியட்டை ஹைகேட் இடுகாட்டில் லூயிஸின் கல்லறைக்கு அருகே புதைத்தார்கள். அபேயில் அவர் பெயரில் ஒரு கல் பதிக்க 1980 ஆயிற்று.