வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்த என் தாத்தா

"உங்கள் தாத்தா வெள்ளைக்காரனுக்காகத்தானே சண்டை போட்டார்?" என்று சென்ற மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் உறவினர் ஒருவர் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார், ஆனால் என் பக்கத்தில் அமர்ந்திருந்த அம்மா அதற்குப் பிறகு இலையில் கை வைக்கவில்லை. அவருக்காகவே இதை எழுதுகிறேன்.

அம்மா 'நைனா' என்றும் நான் 'தாத்தா' என்றும் அழைத்த அந்த மனிதர், 1942-இல் வேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பெங்களூருக்கு ரயிலேறி, ராணுவத்தின் பொறியியல் பிரிவான மதராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்தார். இருந்த காணி நிலம் அண்ணன் தம்பி மூவருக்கும் சோறு போடவில்லை என்பதைத் தவிர, ராஜ விசுவாசம், வீரம் என்று வேறு காரணம் எதையும் அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. கட்டாய ஆள்சேர்ப்பு இல்லாமலேயே 25 லட்சம் பேராகப் பெருகிய அந்த இந்தியப் படையில், இப்படி வயிற்றுக்காகப் போனவர்கள் ஏராளம்.

அவருக்குப் பர்மா போர்முனையில் கிடைத்த வேலை பாலம் போடுவதும் கண்ணிவெடி எடுப்பதும். சட்டங்களை அங்கேயே கோத்துப் போடும் பெய்லி பாலத்தின் இரும்புச் சட்டம் ஒன்று 10 அடி நீளமும் ஏறத்தாழ 260 கிலோ எடையும் கொண்டது. ஆறு பேர் சேர்ந்து தூக்க வேண்டும், ஒருவன் கால் இடறினால் மற்ற ஐந்து பேரின் இடுப்பும் போய்விடும் என்பார். 1944 டிசம்பரில் பர்மாவின் கலேவாவில் சிண்ட்வின் (Chindwin) என்ற ஆற்றின் குறுக்கே போடப்பட்ட 1,154 அடிப் பாலம்தான் அன்றைக்கு உலகிலேயே நீளமான பெய்லி பாலம். அதன்மேல் நடந்து அக்கரை சேர்ந்த கதையை எத்தனை முறை கேட்டாலும் அலுக்காமல் சொல்வார்.

கண்ணிவெடிகளைப் பற்றி மட்டும் பேசமாட்டார். தென்னங்கன்று நட்டு மண் மூடிய இடத்தில்கூடக் கால் வைக்காமல், சுற்றிக்கொண்டுதான் போவார். குழந்தைகளான நாங்கள் அவரைப் போலவே நடந்து காட்டிச் சிரிப்போம். அதே படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரியில் இத்தாலியில், உடனிருந்தவர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடியின் மீதே விழுந்து உயிர்விட்டு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது பெற்றதைப் பல வருடங்கள் கழித்துப் படித்த அன்று, அந்தச் சிரிப்பை நினைத்துக் கூசிப்போனேன்.

பந்தியில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எதிர்ப்பக்கத்தில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் நின்றது. மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள் அதில் நிறையப் பேர் இருந்தார்கள். "அவங்களும் நம்ம பிள்ளைங்கதான்" என்பார் தாத்தா. எங்கள் கூடத்துச் சுவரில் நேதாஜியின் காலண்டர் படம் மாட்டியிருக்கும். அதற்கு நேர் கீழே இருந்த டிரங்குப் பெட்டிக்குள் பர்மா போருக்காக அவருக்குக் கிடைத்த பர்மா ஸ்டார் பதக்கம் கிடக்கும். இதில் அவருக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இந்திய தேசிய ராணுவத்தினரைத் தியாகிகளாக மதித்து அரசு ஓய்வூதியம் கொடுத்தது முற்றிலும் நியாயம். அதற்காக, பசிக்குப் பட்டாளம் போனவனைக் கூலிக்காரன் என்பதை என்னால் ஏற்க முடியாது. அந்த மணியார்டரில்தான் அவன் வீட்டில் அடுப்பு எரிந்தது.

போர் முடிந்ததும் 1946-இல் ஆட்குறைப்பில் அனுப்பிவிட்டார்கள். சேவைக்காலம் போதாததால் ஓய்வூதியம் கிடையாது. ஊர் திரும்பியவர், கிணறு வெட்டும் இடங்களில் பாறைக்கு வேட்டு வைக்கும் வேலைக்குப் போனார்; எங்கள் சுற்றுவட்டாரக் கிணறுகள் பலவற்றில் அவர் கைத்தடம் உண்டு.

அவர் மறைந்த பிறகு, இரண்டாம் உலகப் போர் வீரர்களின் மனைவியருக்கு மாநில அரசு தரும் மாத உதவித்தொகைக்குப் பாட்டி விண்ணப்பித்தார். டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கரையான் பாதிக்குமேல் தின்றிருந்தது. படை எண் இல்லாமல் எதுவும் செய்ய முடியாது என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். அம்மா பெட்டியைக் கவிழ்த்து, பச்சை ஏறியிருந்த பர்மா ஸ்டாரை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தார். இந்தியப் படையினருக்குத் தந்த பதக்கங்களில் எண்ணும் பெயரும் பொறித்திருப்பார்கள். தேய்க்கத் தேய்க்கப் பின்புறத்தில் ஒவ்வொரு இலக்கமாகத் தெளிந்து வந்தது. அம்மா அதை உரக்கப் படிக்கத் தொடங்கியதும், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி திண்ணையில் இருந்தபடியே மீதி எண்களைச் சொல்லி முடித்தார். மணியார்டர் வரும்போதெல்லாம் தபால்காரர் படித்துக் காட்டிய எண்ணாம்.