எகிப்தைக் கூப்பிடாமல் ஓர் இக்போ சுவரைப் பார்க்க முடியாதா?

இக்போ மக்கள் வாழும் நைஜீரியாவின் தென்கிழக்கில், எனுகு நகரத்துக்குப் பக்கத்தில், ன்சுடே என்று ஓர் ஊர். 1935இல் ஜி. ஐ. ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி அங்கே எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று அடிக்கடி என் கண்ணில் படுகிறது. களிமண்ணால் கட்டிய வட்ட மேடைகள், ஒன்றின் மேல் ஒன்றாக, மேலே போகப் போகச் சுருங்கி நிற்கும். படத்தைப் போடுகிறவர்கள் தவறாமல் "மறைக்கப்பட்ட பிரமிடுகள்" என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் கீழே சண்டை. எகிப்தியர்கள் வந்து கட்டிக் கொடுத்தார்கள் என்று ஒரு கட்சி. இக்போக்காரர்கள் போய்த்தான் எகிப்தையே கட்டினார்கள் என்று இன்னொரு கட்சி.

எனக்கு இரண்டு கட்சி மேலும் எரிச்சல்தான். முதலில் அளவைப் பாருங்கள். கீழ் அடுக்கின் சுற்றளவு சுமார் 60 அடி, உயரம் 3 அடி. அதற்கு மேல் 45 அடிச் சுற்றளவில் இன்னொரு அடுக்கு. இப்படியே சுருங்கி உச்சிக்குப் போனால் அங்கே ஒரு குச்சி நட்டிருக்கும். தெய்வம் அங்கே குடியிருப்பதாக நம்பிக்கை. எகிப்தின் சக்காராவில் உள்ள ஜோசர் மன்னனின் படிப் பிரமிடோ ஏறத்தாழ 60 மீட்டர் உயரக் கல் கட்டடம், அவனுடைய கல்லறை. ன்சுடேயில் கல்லும் இல்லை, கல்லறையும் இல்லை. அந்தக் காலத்தில் பெரும்பாலான இக்போ ஊர்களுக்கு அரசன் என்று ஒருவரே இருந்ததில்லை. பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்த ஊர்கள் அவை. மண்ணைக் குவித்து உயரமாக எதையாவது நிறுத்த நினைப்பவர் எவரும் அடியை அகலமாகவும் தலையைக் குறுகலாகவும்தான் வைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் முதல் மழைக்கே சரிந்துவிடும். இதைச் சொல்லிக் கொடுக்க நைல் கரையிலிருந்து ஆள் வர வேண்டுமா?

இந்தப் பேச்சு இன்று தொடங்கியதல்ல. அடிமை வணிகத்திலிருந்து மீண்ட ஒலாடா எக்வியானோ 1789இல் வெளியிட்ட தன்வரலாற்றிலேயே தன் இக்போ மக்களின் வழக்கங்களை யூதர்களின் வழக்கங்களோடு ஒப்பிட்டிருக்கிறார். அவர் எழுதியது பைபிள் படித்த ஆங்கிலேயர்களுக்காக, அடிமை வணிகத்தை ஒழிக்கச் சொல்லி. அந்த ஒப்பீட்டின் நோக்கம் எனக்குப் புரிகிறது. பின்னால் வந்த காலனிய அதிகாரிகளின் நோக்கம் வேறு. எம். டி. டபிள்யூ. ஜெஃப்ரீஸ் 1951இல் எழுதிய கட்டுரை ஒன்றில், இக்போ ஆண்கள் முகத்தில் கீறிக்கொண்ட தழும்புக் கோலத்தை எகிப்தின் சிறகு முளைத்த சூரிய வட்டத்தோடு கொண்டுபோய் முடிச்சுப் போட்டார். ஆப்பிரிக்காவில் நல்லதாக எதைக் கண்டாலும் அது வடக்கிலிருந்து, கொஞ்சம் வெளுத்த தோல்காரர்களிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்துப் படிப்பாளிகளிடம் ஊறிக் கிடந்தது. இன்று பெருமைக்காக எகிப்தை இழுக்கும் இளைஞர்கள் அதே சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். இக்போ மண் வேலைக்குச் சொந்தமாக மதிப்பில்லை, எகிப்தோடு சேர்த்தால்தான் மதிப்பு என்ற கணக்கு அப்படியே இருக்கிறது.

வெளித்தாக்கம் பற்றி உருப்படியாகப் பேச வேண்டுமென்றால் இக்போ-உக்வு என்ற ஊருக்குப் போக வேண்டும். 1930களின் கடைசியில் ஐசையா அனோசி என்பவர் தன் வீட்டு வளாகத்தில் தண்ணீர்த் தொட்டிக்காகக் குழி தோண்டியபோது வெண்கலப் பொருட்கள் கிடைத்தன. தர்ஸ்டன் ஷா என்ற தொல்லியலாளர் 1959-60லும் மறுபடி 1964லும் அங்கே அகழாய்வு செய்தார். மூன்று இடங்கள். ஒன்றில் சடங்குப் பொருட்களைச் சேமித்து வைத்திருந்தார்கள். இன்னொன்றில் பெரிய மனிதர் ஒருவரை உட்கார்ந்த நிலையில், யானைத் தந்தங்களோடும் மணிகளோடும் அடக்கம் செய்திருந்தார்கள். மூன்றாவது ஒரு குழி. கரிமக் கணிப்பு ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டைக் காட்டியது.

உடனே சந்தேகம் கிளம்பியது. இவ்வளவு பழையதாக இருக்க முடியுமா? பாபாதுண்டே லாவல் என்ற நைஜீரியக் கலை வரலாற்றாசிரியரே 1973இல் காலத்தைக் கேள்வி கேட்டார். மாதிரிகளில் ஒன்று 15ஆம் நூற்றாண்டைக் காட்டியது. தவிர, இவ்வளவு செம்பு எங்கிருந்து வந்தது? போர்த்துகீசியக் கப்பல்கள் வந்த பிறகுதானே அந்தக் கரையில் செம்பு குவிந்தது? நியாயமான கேள்விதான். ஷா பதில் சொன்னார், பெரும்பாலோர் அவர் கணிப்பையே ஏற்றார்கள். ஆனால் செம்புக் கேள்வி பாக்கி நின்றது. 1980களின் இறுதியில் வின்சென்ட் சிக்வெண்டுவும் பிரிட்டிஷ் ஆய்வாளர்களும் உலோகத்தைச் சோதித்தபோது, செம்பும் ஈயமும் பக்கத்திலேயே, அபாகாலிகி பகுதித் தாதுக்களோடு ஒத்துப்போயின. சகாராவைத் தாண்டிப் போக வேண்டியிருக்கவில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்த சான்று கைவேலையிலேயே இருக்கிறது. அந்தக் கொல்லர்கள் மெழுகு வார்ப்பில் அசாத்தியமானவர்கள். கயிற்று வலைக்குள் வைத்த பானை ஒன்று, சுமார் 32 சென்டிமீட்டர் உயரம். கயிற்றின் முறுக்கு, முடிச்சு எல்லாம் வெண்கலத்திலேயே. சங்கு வடிவக் கலங்களின் மேல் ஈக்கள் உட்கார்ந்திருக்கும். தூய செம்பை வார்ப்பது கடினம் என்று தெரிந்து, அதை அடித்தும் முறுக்கியும் மட்டுமே வேலை செய்திருக்கிறார்கள். வார்ப்புக்கு ஈயமும் வெள்ளீயமும் கலந்த வெண்கலத்தை வைத்துக்கொண்டார்கள். சரி, இவ்வளவு தெரிந்தவர்களுக்குப் பற்றவைப்பு தெரியவில்லை. தறையாணி அடித்து இணைப்பதும், கம்பி இழுப்பதும் இந்த வேலைகளில் இல்லை. துண்டுகளை இணைக்க வேண்டிய இடத்தில் உருகிய வெண்கலத்தையே மறுபடி ஊற்றி ஒட்டியிருக்கிறார்கள். மத்தியதரைக் கடல் பக்கமிருந்தோ அரபு நாடுகளிலிருந்தோ ஓர் ஆசான் வந்து கற்றுக் கொடுத்திருந்தால், மிகக் கடினமான வித்தையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, எந்தப் பட்டறையிலும் முதல் வருடமே கற்கும் சில்லறை வேலைகளை மறந்துவிட்டுப் போயிருப்பாரா?

அதற்காக அவர்கள் தனித்தீவு என்று சொல்லிவிட முடியாது. அதே குழிகளில் ஏறத்தாழ 1,65,000 மணிகள் கிடைத்தன, கண்ணாடியும் சூதுபவளமுமாக. அந்தக் கண்ணாடியில் நிறைய வெகு தூரத்திலிருந்து, பல கைகள் மாறி, சகாரா வணிகத்தோடு வந்தது. "வெளியாட்கள் தொடாத தூய கலை" என்று மார்தட்டுபவர்களுக்கு இந்த மணிகளே பதில். வாங்கினார்கள், தங்கள் பெரியவரின் கழுத்திலும் கையிலும் கட்டினார்கள். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

வெளியே இருந்து வந்ததைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் இந்தத் துணிச்சல் மிக அழகாகத் தெரியும் இடம் ஓவேரிப் பகுதியின் ம்பாரி, தெய்வத்துக்குப் படையலாகக் கட்டிய மண் வீடு. முன்பெல்லாம் கொள்ளை நோயோ விளைச்சல் பொய்த்துப்போவதோ நேர்ந்தால், நிலத்தாயான அலா தனக்கு ஒரு ம்பாரி கேட்கிறாள் என்று குறி சொல்பவர் அறிவிப்பார். ஒவ்வொரு குடும்பக் கிளையிலிருந்தும் ஆண்களையும் பெண்களையும் தேர்ந்தெடுப்பார்கள். அவர்கள் வேலிக்குள் அடைந்து, தேர்ந்த கலைஞர் ஒருவரின் கீழ் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடத்துக்கும் மேல், வேலை செய்வார்கள். கறையான் புற்று மண்ணை இடித்துப் பிசைந்து உருவங்கள் செய்வார்கள். நடுவில் அலா, சுற்றி மற்ற தெய்வங்கள், விலங்குகள், பிரசவிக்கும் பெண், சிரிக்க வைக்கும் ஆபாசக் காட்சிகள்கூட. அந்தக் கூட்டத்தில் வெள்ளைக்கார அதிகாரியும் இருப்பார்! அவர் வந்த வண்டி இருக்கும். சுவரில் கப்பலில் வந்த பீங்கான் தட்டுகளைப் பதித்திருப்பார்கள். வண்ணங்களில் துணிக்குப் போடும் நீலமும் சேர்ந்துவிட்டது.

இதை "கலப்படம்" என்று யார் சொல்வது? பயமுறுத்துகிற புதிய சக்தி ஒன்று ஊருக்குள் வந்துவிட்டது. அதையும் மண்ணால் செய்து அலாவின் வீட்டில் ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். ஆட்சி அவருடையதாக இருக்கலாம், ஆனால் அந்த வீட்டில் அவர் நூறு பொம்மைகளில் ஒரு பொம்மை.

வேலை முடிந்ததும் வேலியைப் பிரித்து ஊரே கொண்டாடும். அதன் பிறகு யாரும் அதைப் பழுது பார்க்க மாட்டார்கள். மழை கரைக்கும், கறையான் அரிக்கும், மண் மண்ணோடு போகும். அடுத்த தேவை வந்தால் அடுத்த தலைமுறை புதிதாகக் கட்டும். படையல் என்பது கட்டும் வேலைதான். கட்டி முடித்த கட்டடத்தை வைத்துக்கொண்டு யாருக்கும் ஒன்றும் ஆக வேண்டியதில்லை.

வீடுகளிலும் இதே மனப்போக்கைப் பார்க்கலாம். எக்வியானோ தன் புத்தகத்தில் விவரித்திருக்கிறார்: ஒவ்வொரு ஆணும் தன் வீட்டுக்குப் போதுமான கட்டடக் கலைஞன்; அக்கம்பக்கம் முழுவதும் வந்து கை கொடுக்கும்; கூலி, ஒரு விருந்து. முன்னால் குடும்பத் தலைவர் விருந்தாளிகளைப் பார்க்கும் ஓபி, உள்ளே மனைவிமார் ஒவ்வொருவருக்கும் தனி வீடு. வசதியும் பட்டமும் பெற்றவர்கள் அவ்கா பக்கத்துத் தச்சர்கள் செதுக்கிய இரோக்கோ மரக் கதவுகளை வாசலில் நிறுத்தினார்கள். உளியால் வெட்டிய கோடுகளும் முக்கோணங்களும் நிரம்பிய அந்தப் பலகைகள் இன்று வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. சுவரை மெழுகி, செம்மண், மஞ்சள் மண், வெண்களிமண், கரி கொண்டு உலி எனப்படும் கோலங்களை எழுதியவர்கள் பெண்கள். நிறைய வெற்றிடம் விட்டு, ஒரு சுருள், ஒரு புள்ளி வரிசை, நீண்ட ஒரு கோடு. மழைக்காலம் அதைக் கழுவிக்கொண்டு போகும். பிறகு மறுபடி எழுதுவார்கள்.

அப்புறம் தகரக் கூரை வந்தது, சிமெண்ட் வந்தது. இங்கே என் கருத்து பலருக்குப் பிடிக்காமல் போகலாம். மண் வீட்டை விட்டவர்களைத் திட்டுவதற்கு நமக்கு உரிமை இல்லை. ஓலைக் கூரையைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தீப்பிடிக்கும், பூச்சி வரும். பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கும் லாகோசுக்கும் போன பிறகு கூரை வேய யார் வருவார்கள்? தகரம் வெயிலில் கொதிக்கும், மழையில் பேச விடாது, ஆனாலும் ஒருமுறை போட்டால் போதும். இக்போப் பகுதி தனிநாடாகப் பிரிய முயன்று 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா போரில் வீடிழந்து திரும்பியவர்கள் உறுதியான சுவரைக் கேட்டதில் ஆச்சரியமில்லை. சிமெண்ட் வீடு வெள்ளைக்கார மோகம் என்று குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எழுதுவது சுலபம்.

என் கவலை வேறு இடத்தில். சிமெண்ட் என்ற பொருளைவிட ஆழமாக உள்ளே போன வெளித்தாக்கம், எதுவும் நிலைத்து நின்றால்தான் கலை என்ற எண்ணம். ஓவேரியில் ம்பாரிப் பண்பாட்டு மையம் என்று சிமெண்டில் கட்டி வைத்திருக்கிறார்கள். உருவங்கள் நிற்கின்றன, பார்வையாளர்கள் வருகிறார்கள். அது வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பழுது பார்த்துப் பாதுகாக்கப்படும் ம்பாரியில் ம்பாரியின் பாதி விஷயம் போய்விடுகிறது. வேலிக்குள் அடைந்து கிடந்தவர்கள் இல்லை, அடுத்து கட்டப்போகும் பிள்ளைகளும் இல்லை. அதே நேரத்தில், ஜோன்ஸ் படம் எடுக்காவிட்டால் ன்சுடே மேடைகள் பற்றி நான் இப்படி எழுதிக்கொண்டிருக்க முடியாது. ஸ்பிக்னியெவ் டிமொகோவ்ஸ்கி என்ற போலந்துக் கட்டடக் கலைஞர் ஊர் ஊராகப் போய் இக்போ வீடுகளை அளந்து வரைந்து வைத்தார். அந்த வரைபடங்கள் 1990இல் நூலாக வந்தன. வெளியாள்தான். அவருக்கு நான் நன்றிதான் சொல்வேன்.

இக்போக் கலைஞர்களே இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி சொன்னார்கள். வட நைஜீரியாவின் சாரியாவில் படித்த மாணவர்கள் 1958இல் ஒரு கலைச் சங்கம் தொடங்கினார்கள். 1960இல் உச்சே ஒகேகே 'இயல்பான இணைப்பு' என்ற கருத்தை முன்வைத்தார்: உள்ளூர் மரபையும் வெளியிலிருந்து வந்ததையும் நம் தேவைக்கேற்ப நாமே சேர்த்துக்கொள்வோம். அதே கூட்டத்தைச் சேர்ந்தவர் டெமாஸ் ந்வோகோ. கட்டடக் கலை படிக்காதவர், ஓவியம் படித்தவர். செம்மண்ணோடு சிமெண்டைக் கலந்து கல் அறுத்துக் கட்டியவர். இபாதானில் டொமினிகன் துறவிகளுக்கு 1970களில் ஒரு தேவாலயம் கட்டினார். 2023 வெனிஸ் கட்டடக் கலைக் கண்காட்சியில் அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் கொடுத்தார்கள். மண் வீடா சிமெண்ட் வீடா என்று மல்லுக்கு நிற்பவர்கள் அந்தக் கல்லைப் பார்க்கலாம்.

ஒகேகே பிறகு ன்சுக்கா பல்கலைக்கழகத்துக்குப் போய் உலியைப் பாடமாக்கினார். அங்கிருந்து உலகம் அறிந்த ஓவியர்கள் வந்தார்கள். எனக்கு அந்த ஓவியங்கள் பிடிக்கும். ஆனால் கவனியுங்கள்: சுவரில் எழுதியவர்கள் பெண்கள், கித்தானில் கையெழுத்துப் போட்டு உலகம் சுற்றியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ஒகேகேயே தன் தாயிடமிருந்துதான் உலியைக் கற்றார். வெளித்தாக்கமா, உள்ளூர் மரபா என்ற இத்தனை வருட விவாதத்தில் அந்தத் தாய்மார்களிடம் யாரும் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. சிமெண்ட் சுவரில் உலி எழுதக் கூடாது என்று சட்டம் ஒன்றும் கிடையாது. எழுதத் தெரிந்த பாட்டி ஒருவர் ஊரில் இருந்தால், அவருக்குக் கூலி கொடுத்து, வீட்டுச் சுவரைக் கொடுத்து, பக்கத்தில் பேத்தியை நிறுத்துங்கள். அருங்காட்சியகத்தைப் பிறகு கட்டிக்கொள்ளலாம்.