லேசர் இருந்தாலும் நிஜ நட்சத்திரம் வேண்டும்

காற்றின் அலைவால் கலங்கும் தொலைநோக்கிப் படத்தை உடனுக்குடன் திருத்தும் நுட்பம் (தகவமை ஒளியியல்) பற்றிய ஒரு கட்டுரையில், ‘லேசர் வந்தபின் வழிகாட்டி நட்சத்திரமே தேவையில்லை’ என்று ஒரு வரி வருகிறது. வழிகாட்டி நட்சத்திரம் என்பது அந்தக் கலக்கத்தை அளக்க நாம் பார்க்கும் நட்சத்திரம். அது முழுக்கச் சரியல்ல. சுமார் 90 கி.மீ. உயரத்தில் உள்ள சோடியம் அணுக்களை 589 நானோமீட்டர் அலைநீள லேசர் ஒளிரவைத்து ஒரு செயற்கை நட்சத்திரத்தை உண்டாக்குகிறது, சரி. ஆனால் அந்த ஒளி போகும்போதும் வரும்போதும் அதே காற்றில்தான் விலகுகிறது. அதனால் படம் மொத்தமாக இப்படி அப்படி ஆடுவதை அதை வைத்து அளக்க முடியாது. அதற்கு மங்கலான ஒரு நிஜ நட்சத்திரமாவது பக்கத்தில் வேண்டும். லேசரை வைத்து அளக்க முடிகிற மற்ற நெளிவுகளை, வளையும் கண்ணாடி நொடிக்குப் பல நூறு முறை வடிவம் மாறிச் சரிசெய்கிறது. 1953-இல் அமெரிக்க வானியலாளர் ஹொரேஸ் பாப்காக், படத்தை இப்படி உடனுக்குடன் திருத்தும் யோசனையைச் சொன்னபோது அதற்கேற்ற வேகமான கணினிகளே கிடையாது. அப்புறம் இதே நுட்பத்தால் பால்வீதி மையத்து நட்சத்திரங்களின் பாதையையே தொடர முடிந்ததே, அதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.