பெயரைப் பார்க்காதீங்க, மாடலைப் பாருங்க

"ஏசஸ் போர்டுன்னா எதுவானாலும் ஓவர்கிளாக் தாங்கும்"னு மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கார் (ஏசஸ் மதர்போர்டு செய்ற கம்பெனி; ஓவர்கிளாக்னா பிராசஸரை அதோட வழக்கமான வேகத்துக்கு மேலே ஓட்டுறது). அது சரியில்லீங்கண்ணா. இதை நம்பி கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோயம்புத்தூர் போய் யாரும் காசைக் கொட்டிட வேண்டாம்.

ஏசஸிலேயே எச்610 போர்டும் உண்டு, இசட்790 போர்டும் உண்டு; இதெல்லாம் சிப்செட்டோட, அதாவது போர்டில் பிராசஸரை மத்த பாகங்களோட இணைக்கிற சிப்போட பெயர். இன்டெல்லில் மல்டிபிளையரை, அதாவது பிராசஸர் வேகத்தைத் தீர்மானிக்கிற பெருக்கு எண்ணை, ஏத்தணும்னா இசட் சிப்செட்டும் கே வகை (மாடல் எண்ணுக்குப் பின்னாடி கே எழுத்து வர்ற) பிராசஸரும் சேர்ந்து வேணும். எச்610-ல் எந்தக் கம்பெனி பெயர் இருந்தாலும் அதுக்கு வழி கிடையாது. ஏஎம்டி பிராசஸருக்கான போர்டுகளில் பி650 ஓவர்கிளாக் பண்ண விடும், ஏ620 விடாது.

அதைவிட முக்கியம் விஆர்எம், அதாவது பிராசஸருக்கு வோல்டேஜைக் குறைச்சுக் கொடுக்கிற பகுதி. விலை குறைஞ்ச போர்டுகள் பலதில் அதுக்கு மேலே ஹீட்சிங்க்கே, அதாவது சூட்டை இழுத்து வெளியேத்துற உலோகத் துண்டே, இருக்காது. மார்ச், ஏப்ரல் பாலக்காட்டு வெயிலில், ஏசி இல்லாத அறையில், அது கொதிச்சா பிராசஸர் வேகம் தானா இறங்கிடும். அப்புறம் ஓவர்கிளாக் பண்ணி என்ன பிரயோஜனம்?

பயாஸையும், அதாவது போர்டுக்குள்ளேயே இருக்கிற அடிப்படை மென்பொருளையும், விட்டுடாதீங்க. 2023-ல் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் சிலது எரிஞ்சப்போ, எஸ்ஓசி வோல்டேஜ் (பிராசஸருக்குள்ளே மெமரி கன்ட்ரோலர் மாதிரி பகுதிகளுக்குப் போறது) 1.3 வோல்ட்டைத் தாண்டாதபடி ஏஎம்டி போர்டு கம்பெனிகளுக்குப் புது ஃபர்ம்வேர் கொடுத்துச்சு, அதை வச்சு அவங்க புது பயாஸ் விட்டாங்க.

வாங்கப்போற போர்டோட முழு மாடல் பெயரையும் பிராசஸர் பெயரையும் இங்கே போடுங்க, பார்த்துச் சொல்றேன்.