சாலையைத் தாண்டினால் திம்மையா

போன ஞாயிறு தம்பி மகனைச் சிங்கப்பூரின் பாடாங் திடல் பக்கம் அழைத்துப் போயிருந்தேன். அடுத்த மாதம் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாயப் படைச் சேவைக்கு, போகிறான். எஸ்பிளனேடு பூங்காவில் இந்திய தேசிய ராணுவ (ஐ.என்.ஏ.) நினைவுச்சின்னம் இருந்த இடத்தில் இப்போது திறந்த புத்தகம் போல ஒரு கல்வெட்டு நிற்கிறது. அதிலிருந்த தமிழ் வரிகளை விரல் வைத்து வாசித்தான். 1943 ஜூலையில் நேதாஜி இங்கே பேசியது, தோட்டத் தமிழர்கள் படையில் சேர்ந்தது எல்லாம் சொன்னேன். நம் வீடுகளில் எல்லாரும் சொல்லும் கதைதான்.

சாலைக்கு அந்தப் பக்கக் கதையை மட்டும் நாம் சொல்வதே இல்லை. அதுதான் என் ஆதங்கம்.

தேசியக் கலைக்கூடமாகிவிட்ட அந்த நகர மண்டபத்தில்தான் 1945 செப்டம்பர் 12 அன்று நேச நாட்டுப் படைத் தளபதி மவுண்ட்பேட்டன் முன்னிலையில் ஜப்பானியர் சரணடைந்து கையெழுத்திட்டார்கள். இந்தியாவின் சார்பில் அங்கே இருந்தவர் குடகுக்காரரான பிரிகேடியர் கே. எஸ். திம்மையா. பர்மாவில் ஜப்பானியரோடு மோதிவிட்டு வந்தவர். அவருடைய அண்ணனோ ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர்! அதே மாதம்தான் பிரிட்டிஷார் எதிரே இருந்த நினைவுச்சின்னத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த மண்டபத்தில் நின்றபோது அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்?

1948 காஷ்மீர்ப் போரில் ஸோஜிலா கணவாய்க்கு டாங்கிகளை ஏற்றிய அவர் வீரத்தை எல்லாரும் புகழ்வார்கள். சரி, புகழட்டும். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது கொரியா. 1953இல் கொரியப் போர் நின்றபோது ஊர் திரும்ப மறுத்த 22,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளின் பொறுப்பு, அவர் தலைமை தாங்கிய நடுநிலை நாடுகளின் ஆணையத்திடம் வந்தது. தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ, இந்தியச் சிப்பாய் தன் மண்ணில் கால் வைக்கவே கூடாது என்றார். இஞ்சோன் துறைமுகத்திலிருந்து ஹெலிகாப்டரில்தான் நம் சிப்பாய்களைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஊர் திரும்பச் சொல்லிக் கைதிகளோடு பேச வேண்டும் என்றது கம்யூனிஸ்ட் தரப்பு, அவர்களை விட்டுவிடுங்கள் என்றது மறுதரப்பு. யாரையும் வலுக்கட்டாயமாக அனுப்பாமல், சண்டை மறுபடி மூளாமல் மாதக்கணக்கில் இழுத்துப் பிடித்தாரே, அதைத்தான் நான் தளபதித்தனம் என்பேன். இரண்டு பக்கமும் திட்டு வாங்கினார். அப்புறம் 1957இல் இந்தியத் தரைப்படைத் தலைவர். ஓய்வுக்குப் பிறகும் ஐ.நா. அமைதிப் படையோடு சைப்ரஸ் போய், 1965 டிசம்பரில் பணியிலிருக்கும்போதே இறந்தார். அங்கே லார்னகா நகரில் அவர் பெயரில் ஒரு சாலையே இருக்கிறது.

“வெள்ளைக்காரன் படையில் இருந்தவர்தானே?” என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அண்ணனை மதிக்கத் தம்பியை மறக்க வேண்டியதில்லை. தமிழாசிரியர்கள் மாணவர்களைக் கல்வெட்டுக்கு அழைத்து வந்தால், தயவுசெய்து சாலையையும் தாண்டுங்கள். இரண்டும் நடந்து போகிற தூரம்தான்.