ஸ்பேம் தடுப்புச் சட்டங்களும் சிறு வணிகர்களும்

ஸ்பேம் மின்னஞ்சலைத் தடுக்கும் சட்டங்கள் சிறு வணிகர்களை நசுக்குகின்றன என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. இதை நான் முழுமையாக ஏற்கவில்லை. விருப்பம் தெரிவிக்காதவருக்கு விளம்பரம் அனுப்பாதே என்பது நியாயமான விதி. ஆனால், சம்மதம் பெற்றுத்தான் அனுப்பினேன் என்று பின்னாளில் நிரூபிக்கும் கடமையை, சட்டப் பிரிவு வைத்திருக்கும் பெருநிறுவனத்தின் மீதும் தனியாளாகத் தொழில் நடத்துபவர் மீதும் ஒரே அளவில் சுமத்துவது சரியல்ல.

2004 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள அமெரிக்காவின் கேன்-ஸ்பேம் சட்டம் முன் சம்மதம் கோருவதில்லை. ஏமாற்றும் தலைப்பு கூடாது, விலக விரும்புவோரை 10 வேலை நாட்களுக்குள் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளோடு நின்றுகொள்கிறது. 2014 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்த கனடாவின் சட்டம் இன்னும் கடுமையானது; அங்கே முன் சம்மதம் தேவை. பொருள் வாங்கியவருக்கு 2 ஆண்டுகள் வரையிலும், விசாரித்து மட்டும் சென்றவருக்கு 6 மாதங்கள் வரையிலும் சம்மதம் இருப்பதாகக் கொள்ளலாம். அதன் பிறகு அனுப்ப வேண்டுமானால் வெளிப்படையான சம்மதம் தேவை. அதாவது, பட்டியலில் உள்ள ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனிக் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும். நிரூபிக்கும் பொறுப்பும் அனுப்பியவருடையதே. நிறுவனங்களுக்கான உச்ச அபராதம் 1 கோடி கனடிய டாலர் என்று படிக்கும் சிறு வணிகர், அந்தத் தொகை தமக்கு விதிக்கப்பட வாய்ப்பே இல்லாதபோதும், சட்டப்படி எழுதக்கூடிய வாடிக்கையாளருக்கும் எழுதத் தயங்குவார். தனிநபர்கள் நேரடியாக வழக்குத் தொடர வழிசெய்யும் பிரிவை 2017இல் கனடா அரசு நிறுத்திவைத்தது சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

அதிகம் பேசப்படாத இன்னொரு சிக்கல், அஞ்சல் முகவரி. ஒவ்வொரு விளம்பர மின்னஞ்சலிலும் அது இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கச் சட்டம். அலுவலகம் உள்ளவருக்கு இது ஒரு வரிச் செய்தி. வீட்டிலிருந்தே தொழில் செய்பவருக்கோ, குறிப்பாகத் தனியாக வாழும் பெண்ணுக்கு, வீட்டு முகவரியை அறிமுகமில்லாதவர்களிடமெல்லாம் கொடுப்பதாகிவிடுகிறது. அஞ்சல் பெட்டி எண்ணைப் பயன்படுத்தலாம் என்று 2008இல் தெளிவுபடுத்தப்பட்டது நல்லதுதான். ஆனால் அதற்கான வாடகை அவர் கையிலிருந்துதான் போக வேண்டும்.

அளவு பார்த்து விதி வகுக்க முடியாது என்பதும் உண்மையல்ல. ஜிமெயில் 2024 பிப்ரவரியில் கொண்டுவந்த நிபந்தனைகளில், ஒரே சொடுக்கில் விலகும் வசதி நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புவோருக்கு மட்டுமே கட்டாயம். ஒரு தனியார் நிறுவனத்தால் முடிந்த இந்த வேறுபாட்டைச் சட்டமியற்றுவோரும் பின்பற்றலாம். முதல் தவறுக்கு எச்சரிக்கை, சம்மதத்துக்குச் சான்றாக எளிய தேதிக் குறிப்பே போதும் என்ற ஏற்பாடு, இவ்விரண்டுமே நேர்மையான சிறு வணிகரின் அச்சத்தைப் பெருமளவு குறைத்துவிடும். முகவரிப் பட்டியலை விலைக்கு வாங்கி அனுப்புபவருக்கு, அவர் எவ்வளவு சிறிய வணிகராக இருந்தாலும், இந்தச் சலுகைகளைத் தரக் கூடாது.