அப்பா, அம்மா மட்டும் போதாது

இரண்டு நாளாக எல்லார் சமூக வலைத்தளப் பக்கத்திலும் சுற்றுகிற அந்தத் தமிழ்–கொரியச் சொற்பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். அப்பா–அப்பா, அம்மா–ஒம்மா, நான்–நா. ஆகவே தமிழிலிருந்து கொரியம் பிறந்ததாம். ஒலி ஒத்தால் உறவு ஆகாது என்று அதன் கீழே எழுதினேன். 'தமிழ்த் துரோகி' என்று பதில் வந்தது. வலிக்கத்தான் செய்கிறது.

அப்பா, அம்மா வகைச் சொற்களை முதலில் தள்ளிவையுங்கள். உதட்டை மூடித் திறந்தாலே ப, ம வந்துவிடும். எந்த நாட்டுக் குழந்தைக்கும் முதலில் வசப்படும் ஒலிகள் இவை. பொருள் கொடுப்பது பெற்றவர்கள். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா, அம்மாவோ 'தேதா'. ஸ்வாஹிலியில் 'பாபா' தந்தை, ரஷ்ய மொழியில் கிழவி. இதை வைத்து யாரை யாருக்குப் பிள்ளையாக்குவீர்கள்?

வடகிழக்கு ஆஸ்திரேலியாவின் ம்பபரம் மொழியில் நாய்க்குப் பெயர் கிட்டத்தட்ட 'டாக்'. ஆங்கிலத்திலிருந்து வாங்கியதல்ல. அண்டை மொழியான யிடினில் நாய் 'குடக'. ம்பபரத்தில் முதல் அசையும் கடைசி உயிரும் உதிர்ந்து, நடு உயிர் மாறி அப்படி ஆனது. ஒலி ஒன்று, வேர் வேறு.

உறவுக்கு ஒழுங்கு வேண்டும். பால்–ஹாலு, பல்–ஹல்லு, புலி–ஹுலி, பத்து–ஹத்து, பாம்பு–ஹாவு. தமிழில் சொல்முதல் 'ப' வருமிடத்தில் கன்னடத்தில் 'ஹ', வரிசையாக. பழங்கன்னடத்துக்குப் போனால் அங்கேயும் 'ப' இருக்கிறது. இதுதான் சான்று.

இதே சோதனையைக் கொரியத்துக்கும் வையுங்கள். கடன் சொல், மழலைச் சொல் இரண்டையும் நீக்கி, எண், உடலுறுப்பு, நீர் போன்ற அடிப்படைச் சொற்களை எடுங்கள். ஒன்று–ஹனா, இரண்டு–தூல், மூன்று–செத். கண்–நுன், கை–சொன், நீர்–மூல். எந்த எழுத்துக்கு எந்த எழுத்து? பட்டியல் போட்டவர் இவற்றை ஏன் விட்டார்?

'இரு மொழியிலும் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறதே' என்பீர்கள். துருக்கியிலும் ஜப்பானியத்திலும் அப்படித்தான். 'கொரிய அரசனை மணக்கத் தமிழ் இளவரசி கப்பலில் போனாரே?' என்பீர்கள். ஒரு திருமணத்தால் நாலு சொல் போகலாம், ஒரு மொழி பிறக்காது.

தமிழுக்குப் பெருமை தேட இப்படியொரு பட்டியல் எதற்கு? கட்டுமரம் ஆங்கிலத்தில் 'கட்டமரன்' ஆனது. கடல்வழி உண்டு, பொருள் உண்டு, எழுத்துச் சான்றும் உண்டு. அதைப் பகிர ஆளில்லை. பொய்ப் பட்டியலைப் பகிர்ந்துவிட்டு, சரிபார்க்கச் சொன்னவனைத் துரோகி என்கிறீர்கள். தமிழை நேசிப்பதால்தான் கேட்கிறேன்: சொல்முதல் எழுத்து ஒன்றையாவது எடுத்து, பத்துச் சொல்லில் ஒரே மாற்றத்தைக் காட்டுங்கள்.